ஹவில்தார் மறைத்துவைத்த காயம்

இடது கையைக் கைக்குட்டையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் தம்பி உள்ளே வந்த அந்தக் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அறுபதுகளின் நடுவில், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். தம்பி சுரங்கக் காவலன். தங்கம் போகும் வண்டிக்குத் துணை போகிறவன். பழைய ரிவால்வரை வாங்கிக்கொண்டு அப்போதுதான் அவர்களுக்குப் பிஸ்டல் கொடுத்திருந்தார்கள். சுட்டுப் பழகப் போனவன் கட்டைவிரல் கிழிந்து வந்து நின்றான். அந்த வாரத்தில் அப்படி வந்த மூன்றாவது ஆள் அவன்.

நான் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் சுரங்கக் காவல் அதிகாரி வந்துவிட்டார். வண்டியோடு போகப் பயந்து மூவரும் வேண்டுமென்றே கிழித்துக்கொண்டதாக அவர் முடிவு கட்டியிருந்தார். தம்பிக்கு வேலை போனால் ஸ்கெலட்டன் குடியிருப்பில் சுரங்கத்தார் அவன் பெயரில் கொடுத்திருந்த லைன் வீடும் போய்விடும்.

அவரோடு வந்திருந்த ஹவில்தார், பட்டாளத்திலிருந்து வந்து இவர்களுக்குச் சுடப் பழக்கியவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "சிஸ்டர், மத்த ரெண்டு பேருக்கும் எங்க கிழிஞ்சிருந்துச்சு?"

"இதே எடந்தாங்க. இடது கட்டைவிரல் மேல, ரெண்டு கோடா."

"வேணும்னே கிழிச்சிக்கினா மூணு பேருக்கும் ஒரே எடத்துலயா கிழியும்?" என்றார் அவர்.

பின்கட்டுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, தம் பிஸ்டலிலிருந்து தோட்டாக்களை முழுவதும் எடுத்தார். உள்ளே காலி என்பதை அதிகாரிக்கும் காட்டினார். மேல்பாகத்தின் பின்விளிம்பில் சாக்பீஸ் தேய்த்தார். "ஐயா, ரிவால்வர் புடிக்கிற மாதிரி புடிங்க."

அதிகாரி இரண்டு கையாலும் பிடித்தார். இடது கட்டைவிரல் தானாகவே பின்பக்கம் போய் வலது கைமேல் படிந்தது. ஹவில்தார் மேல்பாகத்தை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். அதிகாரியின் கட்டைவிரலில் இரண்டு வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

"ரிவால்வர்ல இப்படி நகர்றது எதுவும் கெடையாது. சுடுறப்போ இது கண்ணுக்கே தெரியாத வேகத்துல பின்னால வரும்ங்க. விரல் அங்க இருந்தா கிழிக்காம போவாது. ரெண்டு கட்டைவிரலும் இடது பக்கமா, முன்னால பார்த்து நீட்டி இருக்கணும்."

"இதை மொத நாளே ஏன் சொல்லல?"

ஹவில்தார் தம் இடது கையை விரித்தார். அங்கேயும் அதே இரண்டு கோடுகள். "மொத நாள் எனக்கே கிழிஞ்சிதுங்க. பழக்குறவனுக்கே இப்படியான்னு சிரிப்பாங்கன்னு மறைச்சிட்டேன். இவங்களுக்குக் கிழிஞ்சது என்னாலதான். ரிப்போர்ட் எழுதுறதுன்னா என் பேரை எழுதுங்க."

தம்பியின் வேலை தப்பியது. ஹவில்தாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதன்பிறகு புதிதாக யார் வந்தாலும் முதலில் தம் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் பிஸ்டலைக் கையில் கொடுப்பார் என்று தம்பி சொல்வான். அந்தக் காயத்தோடு வேறு யாரும் என்னிடம் வரவில்லை. தவற்றை ஒப்புக்கொண்ட பெரியவர்கள் சிலரை வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். யாரும் கண்டுபிடிக்காத தவற்றைத் தாமே கொண்டுவந்து வைத்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று அதிகாரி போனபிறகு ஹவில்தாரின் கையை வாங்கிப் பார்த்தேன். ஒருவரிடமும் காட்டாததால் உள்ளே சீழ் பிடித்திருந்தது. கழுவும்போது, "ரொம்ப வலிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"இத்தினி நாளா வலிச்சிது, சிஸ்டர்," என்றார். "இப்ப பரவாயில்ல."