ஒரே ஒரு கோல்

எனக்குக் கால்பந்து தெரியாது. ஆனாலும் அந்தத் தை மாதம் இந்தியா ஒரு கோல் போட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுபோல் இந்த நாட்டில் வேறு யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். ஜெயிக்கக்கூட வேண்டாம். பத்து கோல் வாங்கித் தோற்றுப்போகட்டும், பதிலுக்கு ஒன்று போட்டால் போதும்.

காரணம் என் வீட்டுக்காரர். அவருக்குக் கத்தாரில் ஏசி பழுது பார்க்கும் வேலை. போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆசியக் கோப்பை அந்த ஊரிலேயே நடக்கப்போகிறது என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அறையில் இருந்த நாலு பேரும் இந்தியாவின் மூன்று ஆட்டங்களுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். ஒரு பெட்ஷீட்டில் நம் மலையை வரைந்து, உச்சியில் தீபம் வைத்து, கீழே ஊர்ப் பெயரையும் எழுதினார்கள்.

"ஆளுக்கொரு மூலையப் புடிச்சினு நிப்போம். நீ டிவில மலையத் தேடு. கீழ, இடது கைப்பக்கம் நான் இருப்பேன்" என்றார்.

நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் பார்க்கிறேன். அங்கே ஹாலில் பெரிய டிவி உண்டு. முதல் ஆட்டம் ஆஸ்திரேலியாவோடு.

"ஆஸ்திரேலியா எப்டிங்க ஆசியாவுல வந்துச்சு?" என்று போனில் கேட்டேன்.

"அதெல்லாம் வந்துச்சு. நீ மலையத் தேடுடி."

தேடினேன். கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. கோல் போட்டவனுடைய ஆட்களைத்தான் கேமரா ஆசை தீரக் காட்டுகிறது. நம் ஆட்களைக் காட்டினாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். அன்று நான் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கல், எங்கள் ஊரில் திருவூடல். சுவாமியோடு கோபித்துக்கொண்டு அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சுவாமி மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். கல்யாணமான வருஷத்திலிருந்து எங்கள் வீட்டிலும் அது ஒரு விளையாட்டு. அன்றைக்கு நான் எதையாவது சாக்கு வைத்துச் சண்டை போடுவேன். அவர் விடியற்காலையில் மலையைச் சுற்றிவிட்டு வந்து, "சுத்தியாச்சு, கதவத் திற" என்று வாசலில் நிற்பார், கையில் பூவோடு.

அந்த வருஷமும் விளையாட்டாகத்தான் போன் செய்தேன். தெருவில் மேளச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். எனக்கு வாய் நீளம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? மலையச் சுத்திட்டு வந்து கதவத் தட்டற வரிக்கும் எங்கிட்ட பேசாதீங்க" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் சாமிக்கும் அம்மனுக்கும் சமாதானம் ஆகிவிட்டது. அவர் போன் அணைந்து கிடந்தது. ரோஷம், எத்தனை நாளைக்கு என்று இருந்தேன். அதற்கடுத்த நாளும் அணைந்தே கிடந்தது. இரண்டாவது ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினோம். மலை கண்ணில் படவில்லை. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காய் நறுக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, எந்நேரமும் அந்த நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவருடைய அறையில் இருப்பவர்களில் ஒருவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். அவர் மனைவியின் நம்பர் என் போனிலேயே இருந்தது. எடுப்பேன், வைப்பேன். கேட்டால், புருஷன் இவளோடு பேசுவதில்லையாம் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே. வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு அத்தனை வீம்பு. ஒரு போன் போட மனசில்லாமல் இந்தியக் கால்பந்து அணியை நம்பி உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆட்டம் சிரியாவோடு, சாயங்காலம் ஐந்து மணிக்கு. "இன்னாமா, பந்துப் பைத்தியம் ஜாஸ்தி ஆயிடுச்சா?" என்று கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அக்கா கேலி செய்தார். அடுப்பில் இஞ்சி டீ பொங்கி வழிந்தது. போடுங்கடா, ஒண்ணே ஒண்ணு போடுங்கடா என்று வாய்க்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நம் பையன் ஒருவன் உதைத்த பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போனது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. கேமரா திரும்பியது.

"அக்கா, நிறுத்துங்க! பின்னால கொண்டாங்க!"

அவர் ரிமோட்டை அழுத்திப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மலை தெரிந்தது. தீபம் தெரிந்தது. மேலே இரண்டு பேர், கீழே வலப்பக்கம் ஒருவர். கீழ்பென்னாத்தூர்க்காரரை அடையாளம் கண்டேன். கீழே இடது மூலை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷமே அவர் மனைவிக்குப் போன் செய்தேன். "உங்களுக்கு இன்னும் தெரியாதாக்கா?" என்றாள்.

திருவூடலுக்கு மறுநாள் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். போன் அங்கேயே நொறுங்கிவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்குப் பின்னால், அக்கா மறுபடி ஓடவிட்ட டிவியில் சிரியா கோல் போட்டது. அவர்கள் ஆட்கள் குதிப்பதைக் கேமரா நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்து அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்குப் போன் செய்தார். "அவுரு மூலைய வேற யாரும் புடிக்கல அண்ணி" என்று அழுதுவிட்டுப் போனை அவரிடம் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "மல தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"கோல் போட்டமா?"

"இல்லிங்க."

அப்புறம் சொன்னார்: "அடுத்த மாசம் அனுப்பிடுவாங்க. பழையபடி நடக்க முடியாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. மலையச் சுத்தினு வந்தாத்தான் பேசுவேன்னியே. நான் எப்டிடி சுத்துவேன்?"

வார்த்தை வருவதற்குள் லைன் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துப் பௌர்ணமி. பகலிலேயே கிளம்பி, வெறுங்காலோடு மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டரும் நடந்தேன். அவருக்காக நடந்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மலையைச் சுற்றி வந்தால்தான் பேச்சு என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு என்னால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை.