ஓர்க்கிட்டுக்கு ஒரு மார்கழி

என் சைக்கிள் கடையின் முகப்பில் ஒரு ஓர்க்கிட் செடி தொங்கிக்கொண்டிருந்தது. பழைய றிம் ஒன்றில் கம்பி கட்டி, தென்னந்தும்பு அடைத்து, நானே செய்த தொட்டில். முள்ளியவளையில் சைக்கிளுக்குக் காற்றடிக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து ஒரு கேள்வி கேட்காமல் போக மாட்டார்கள். "என்ன அண்ணை, இன்னும் பூக்கேல்லையோ?" பூக்கவில்லைத்தான். மனைவியின் அக்கா நானுஓயாப் பக்கமிருந்து பால்மாப் பேணியில் வைத்துக் கொண்டுவந்து தந்த நாள் தொட்டு, அது ஒரு பூவைக் கண்ணில் காட்டவில்லை.

ஆனால் நான் விட்டேனா? ஒவ்வொரு மாரியிலும் தண்டின் கணுக்களில் முளைப்பு வரும். மொட்டு என்று சொல்லிக் கடையில் நிற்பவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் அது இலை விட்டு, வேர் விட்டு, குட்டிச் செடியாக நின்று என்னைப் பார்க்கும். அப்போதும் எனக்கு வாய் அடங்காது. "என்ர கைராசி அப்பிடி. பூவுக்குப் பதிலாப் பிள்ளையே பெறுது" என்று குட்டிகளை ஊரெல்லாம் பங்கு வைத்தேன். இன்றைக்கு முள்ளியவளையில் பல வீடுகளில் பூக்காத ஓர்க்கிட் நிற்கிறதென்றால், அது முழுக்க என் கைங்கரியம்.

மனைவி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என்னைக் கட்டி வன்னிக்கு வந்து தலையும் நரைத்துவிட்டது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு மார்கழி முழுவதும் அக்கா வீட்டில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அந்தக் குளிரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கார்த்திகையிலும் கேட்பாள். ஒவ்வொரு கார்த்திகையிலும் எனக்கு ஒரு காரணம் அகப்படும். குளம் வான் பாயுது, றோட்டெல்லாம் வெள்ளம். மாடு கன்று போடப் போகுது. கோயிலில் திருவெம்பாவை. ஒரு வருடம் ஒன்றுமே அகப்படாமல், "எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது" என்று சொல்லிப் படுத்தேன். அன்று மத்தியானம் நான் மீன்குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்டதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 

போன ஐப்பசியில் ஃபோனில் ஒரு காணொளி கண்ணில் பட்டது. இந்தச் சாதி ஓர்க்கிட்டுக்குத் தண்டு முற்றிய பிறகு குளிர்கால ஓய்வு கொடுக்க வேண்டுமாம். பசளையை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, இரவில் நல்ல குளிர் பட விட வேண்டுமாம். இல்லாவிட்டால் மொட்டு வரவேண்டிய கணுவில் குட்டிதான் வருமாம். ஐயோ கடவுளே என்று தலையில் கை வைத்தேன். நான் அதற்கு மாட்டெருவும் மீன் கழுவின தண்ணீருமாக ஊற்றி வளர்த்தவன். செடி சொகுசில் கொழுத்துப்போயிருந்தது.

பசளையை அன்றே நிறுத்தினேன். மழை படாமல் தகரத்துக்குக் கீழே கட்டினேன். குளிருக்கு எங்கே போவது? எங்கள் ஊர் மாரி ஆளை நனைக்கும், நடுங்க வைக்காது.

கொக்கிளாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரை மறித்தேன். "தம்பி, மிஞ்சின ஐசைக் கொட்டிப்போடாதையும். எனக்குத் தாரும்."

"என்னத்துக்கு அண்ணை?"

"செடிக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார். பொழுதுபடும் நேரத்தில் அந்த ஐசைச் சாக்கில் சுற்றித் தொட்டிலுக்குள் வைத்தேன். செடி குளிர்ந்ததோ இல்லையோ, ஊர்ப் பூனைகள் எல்லாம் கடைக்கு முன்னால் கூடிவிட்டன. ஒரு கடுவன் பூனை றிம்மில் தாவித் தொங்கியதில் முற்றிய தண்டு ஒன்று முறிந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். பூனைக்குப் படவில்லை. ஒட்டுப்போட வந்து நின்ற ஒருவரின் சைக்கிள் மட்காட்டில் பட்டது. அவர் நல்ல மனிதர், நெளிந்த மட்காட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணை, சூடை மீன் என்ன விலை?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சத்தம் கேட்டு மனைவி குசினியிலிருந்து வந்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தோட்டத்துப் பேச்சு திரும்பிவிடும்.

"இந்த வெக்கையில நான் எத்தன வருசமா வேகுறேன்! எனக்கு என்னைக்காச்சும் ஒரு துண்டு ஐஸ் வச்சிருப்பீங்களா?"

வேறு ஆளாக இருந்தால் சுருக்கென்று பட்டிருக்கும். எனக்கு ஒரு யோசனைதான் வந்தது. குளிர் இருக்கிற இடத்துக்கே செடியை அனுப்பினால் என்ன?

"இஞ்சேரும், அக்கா வீட்டை போறீரோ?"

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "மெய்யாத்தான் சொல்லுறியளோ?"

"ஓம், ஓம். பின்னைச் செடியை ஆர் கொண்டுபோறது?"

சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் அவள் கெட்டிக்காரி. மறுபேச்சுப் பேசாமல் போய், அலுமாரியைத் திறந்து உடுப்பு அடுக்கத் தொடங்கினாள்.

வவுனியா பஸ்ஸில் யன்னல் கரையில் இடம் பிடித்தேன், செடிக்கு. "மடியில வைச்சுக்கொண்டு இரும். பகலில வெளிச்சம் வேணும். பனி நேரா விழாமல் தாழ்வாரத்தில கட்டும். தண்டு சுருங்கினால் மட்டும் கொஞ்சம் தண்ணி தெளியும்." எல்லாம் சொன்னேன். அவளிடம் ஒரு சுவெற்றராவது இருக்கிறதோ என்று கேட்க நினைவு வந்தபோது பஸ் போய்விட்டது.

மார்கழி முழுக்க நானே சமைத்தேன். அதைச் சமையல் என்று சொல்வது அரிசிக்குச் செய்யும் அவமரியாதை. நாள் தவறாமல் ஃபோன் எடுத்துத் தண்டு சுருங்கிச்சோ, இலை பழுத்திட்டுதோ என்று விசாரித்தேன். அவள் பொறுமையாகப் பதில் சொல்வாள். வைத்த பிறகு வீடு ஓவென்று கிடக்கும். தைப்பொங்கலுக்கு வருவாள் என்றிருந்தேன். "கணுவில என்னமோ தடிக்குது, இருந்து பாத்திட்டு வாறன்" என்றாள். அந்தப் பொங்கலை நானே பொங்கினேன். பக்கத்து வீட்டு நாய் மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மாசியில் ஒரு காலை வீடியோவில் அழைத்தாள். "இஞ்ச பாருங்கோ!" திரை முழுக்கப் பூ. இலை உதிர்ந்த தண்டு நெடுகக் கணுக்கணுவாக, வெள்ளையில் ஊதா நுனி, நடுவில் கறுத்த சிவப்பு. ஃபோனைத் தூக்கிக்கொண்டு றோட்டில் போனவர்களையெல்லாம் மறித்துக் காட்டினேன். அவர்கள் போன பிறகு அவள் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள். தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஆவி பறக்கும் தேத்தண்ணி. கன்னம் இரண்டும் சிவந்து, ஆள் நன்றாக இருந்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இவள் வராமலே விட்டால்?

"எப்ப வாறீர்?"

"அக்காவின்ர மருமகன் லொறியில கிளிநொச்சிக்கு வாறாராம். செடியை அவரிட்டக் குடுத்துவிடவோ? பூவோட வந்து சேரும்."

"செடி அங்கயே கிடக்கட்டும். நீர் வாரும்."

என் வாய்தான் சொன்னது. அவள் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"செடி இஞ்ச நிண்டால், அடுத்த மார்கழிக்கு நான் என்னத்தைச் சாட்டி வாறது?"

"ஒண்டையும் சாட்ட வேண்டாம். சும்மா போம். மாதம் முழுக்க இரும்."

அவள் திரைக்குக் கிட்ட வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் உள்ளே பார்த்துச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

"அக்கா, இவருக்கு அங்க கடுங்காய்ச்ச போல. ஒளர்றாரு. நான் நாளைக்கே கெளம்புறேன்."