பத்துக்குப் பத்து போட்டவர்

வெளிநாட்டில் படித்தபோது நாங்கள் மூவர் ஒரே வீட்டில் இருந்தோம். மூத்தவர் ஊரில் குடிநீர் வாரியப் பொறியாளர். விடுப்பு வாங்கி மேற்படிப்புக்கு வந்தவர். வயதை வைத்து எல்லோருக்கும் அவர் சித்தப்பா ஆகிவிட்டார். அவரோடு ஒரே வகுப்பில் படித்த எங்கள் அறைத்தோழனை அவர் 'மாப்ள' என்பார்.

ஒரு பாடத்துக்கு ஐவர் கொண்ட குழு, ஒரு குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய்த் திட்டம் போட வேண்டியிருந்தது. கணக்கு முழுவதையும் சித்தப்பா எங்கள் சமையலறை மேசையில் போட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே மாப்ளைக்கு விளக்குவார். மறுநாள் குழுக் கூட்டத்தில் மாப்ள அதைப் பேசுவான்; இவர் தலையாட்டுவார்.

"நீங்களே சொன்னா என்ன சித்தப்பா?" என்றேன் ஒருமுறை.

"ஒரு வீட்டுலேருந்து ஒருத்தன் பேசினா போதாதா? ரெண்டு பேரும் பேசினா போட்டின்னு நினைப்பாங்க."

கடைசியில், குழுவில் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு ரகசியமாக மதிப்பெண் போட வேண்டும், அதன் சராசரி ஐந்துக்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை என்றார்கள். சித்தப்பா யோசிக்கவே இல்லை. எல்லோருக்கும் பத்துக்குப் பத்து.

"கூடப் படிக்கிற புள்ளைங்களுக்குப் போய்க் கொறைச்சுப் போடுவாங்களா?"

அவருக்கு வந்ததோ இரண்டரை. பாடம் போயிற்று. திரும்பப் படிக்க இன்னொரு வருடம் ஆகும். விடுப்பு அதுவரை நீளாது. பட்டம் இல்லாமல்தான் ஊர் திரும்ப வேண்டும்.

குழுவின் மற்ற மூவர் மேல் அவருக்குக் கோபமில்லை. அவர்கள் பார்த்தது தலையாட்டலை மட்டும்தானே. மாப்ள வந்ததும் கேட்டார்.

"நீ எவ்வளவு போட்ட?"

"மூணு." அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நேர்மையா போடச் சொன்னாங்க சித்தப்பா. கூட்டத்துல நீங்க வாயே தொறக்கலையே."

"கணக்கு?"

"அது வீட்டுல நடந்தது."

மறுநாள் பேராசிரியரிடம் போய் முறையிட்டார். அவர் பொறுமையாகக் கேட்டு, மாப்ளையையும் கூப்பிட்டு விசாரித்தார். "கொஞ்சம் உதவி பண்ணாரு" என்றானாம் அவன். அதோடு முடிந்தது.

திரும்பி வந்த சித்தப்பா சட்டையைக்கூட மாற்றாமல் தேநீர் போட்டார். எனக்கொரு தம்ளர், அவருக்கொரு தம்ளர். மாப்ள அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"எனக்கு இல்லையா சித்தப்பா?"

"பால் இருக்கு. நீங்க போட்டுக்குங்க."

அவனை அவர் முதன்முதலாக 'நீங்க' என்றது அன்றுதான். விடுப்பு முடிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்வரை அந்த மரியாதையை அவர் குறைக்கவில்லை.