கல்லாற்றில் போட்ட ஸ்வெட்டர்

பொன்முடி அடிவாரம், கல்லாறு, டிசம்பர் காலை. சாலைக் கடைத்தெருவில் மகளுக்காகத் தேடி வாங்கிய ஸ்வெட்டரை மலை மேலே போய்ப் போடலாம் என்று பையிலேயே வைத்திருக்கிறேன். அவளோ இங்கேயே நடுங்குகிறாள். போன வாரம்தான் அவளுக்கு மூச்சிழுப்பு தணிந்தது. திரும்பிவிடலாமா?

டீக்கடை அக்கா சிரிக்கிறார். "பயப்படண்டா மோளே. ராத்திரி மலைக்குளிரு மொத்தமும் இறங்கி இந்த ஆத்துப் பள்ளத்துலதான் கெடக்கும். மேல இப்போ நல்ல வெயிலாக்கும். இங்க போடு, அங்க கழட்டு."

"மேல ஸ்னோ விழுமா ஆன்ட்டி?" என்கிறாள் மகள்.

"அதுக்கு இன்னும் நாலு பொன்முடிய மேல மேல அடுக்கணும் குட்டி."

ஸ்வெட்டரை மாட்டிவிடுகிறேன். கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது. இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். போகத்தான் போகிறோம்.

பஸ் படியில் அவளைத் தூக்கும்போது ஸ்வெட்டர் பாக்கெட் கனக்கிறது. உள்ளே ஆற்றங்கரைக் கல்.

"பொன்முடி மேல அடுக்கணும்மா."