கனக்காத காஞ்சிப் பட்டு

ஆரணியில் ஒரு பட்டுக்கடை. டீ கொண்டுவந்தவரிடம் உருதுவிலும் மனைவியிடம் தெலுங்கிலும் பேசிவிட்டுக் கடைக்காரர் என் பக்கம் திரும்புகிறார். அம்மாவின் கல்யாணச் சேலையை விரிக்கிறேன். அம்மாவின் பீரோ வாசனை எழுகிறது.

“காஞ்சிபுரத்துல எடுத்தது. என் பொண்ணுக்கு இதே மாதிரி வேணும்.”

அவர் சேலையைக் கையில் ஏந்திப் பார்க்கிறார்.

“எடுத்தது அங்க இருக்கும். நெய்தது நாங்கதாங்க. காஞ்சிப் பட்டுன்னா கனக்கும், இது எவ்ளோ லேசு பாருங்க. நாள் பூரா கட்டிகினு நிக்கலாம்.”

எங்கள் நான்கு பேர் கல்யாணத்திலும் அம்மா இதைக் கட்டிக்கொண்டுதான் பந்தி பரிமாறினாள். கனக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

புதுச் சேலையைப் பையில் போட்டுத் தருகிறார். பையில் கொட்டை எழுத்தில் ‘காஞ்சிபுரம் பட்டு’.

“அந்தப் பேரு இல்லன்னா யாருங்க உள்ள வர்றாங்க?” என்கிறார்.

போளூர் பஸ்ஸில் அம்மாவின் சேலையை மட்டும் அந்தப் பையில் வைக்காமல் மடியில் வைத்திருக்கிறேன்.