மூட்டைத் தராசில் ஏறாத தங்கமாரி

தங்கமாரி குண்டு. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவளும் அப்படிக் கேட்டதில்லை. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் துண்டு போடுகிறாள். அந்தப் பாகு வாசனையில் பத்து நாள் உட்கார்ந்தால் எவருக்கும் மிட்டாய் தின்னத் தோன்றாது. முதலாளி விஜயராஜ் அங்கே உட்கார்ந்ததில்லை.

கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. அவள் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம். சீட்டைப் பார்த்ததுமே முதலாளி எல்லோர் முன்னாலும் தீர்ப்பு சொல்லிவிட்டார்: உடைந்த துண்டுகளை எல்லாம் தின்பது இவள்தான். இனி காலையும் மாலையும் கடலை மூட்டை நிறுக்கிற தராசில் ஏற வேண்டும். இல்லையென்றால் வேலை கிடையாது.

அவள் ஏறவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் பக்கத்து வீட்டுக்காரன், பழைய தொழிற்சங்கத்து ஆள். வந்து பேசவா என்று கேட்டேன்.

"நீங்க பேசினா கூலி ஒசரும் அண்ணாச்சி. எம்மேல விழுந்த களவுப் பேரு போவுமா?"

மறுநாள் கழுகுமலைப் பக்கம் போய்த் தம்பி லிங்கராஜைப் பிடித்து வந்தாள். கரிசலில் உளுந்து போடுகிறவன். விலா எலும்பை எண்ணிவிடலாம். இனிப்பே ஆகாது. களையெடுக்க ஆள் வரும் என்று முரண்டு பிடித்தவனை வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தாள். அவர்கள் அப்பாவும் இப்படித்தான் ஒல்லி. நாற்பத்துநாலு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலிலேயே விழுந்தார்.

லிங்கராஜுக்குக் கொழுப்பு அக்காவைவிடக் கூடுதல்.

டாக்டர் பிரிஸ்கில்லா விளக்கினார். ரத்தத்துக் கொழுப்பை ஈரல் இழுத்துக் கழிக்க வேண்டும். இந்தக் குடும்பத்து மரபணுவில் உள்ள மாற்றத்தால் அது சரியாக இழுப்பதில்லை. உடம்பு பெருப்பதிலும் பிறவிக்குப் பங்கு உண்டு, ஆனால் அதற்கான மரபணுக்கள் வேறு. சாப்பாட்டைக் கவனித்தால் கொஞ்சம் குறையும். மீதிக்கு இருவரும் மாத்திரை போட்டே ஆக வேண்டும்.

மாத்திரையோடும் தம்பியோடும் நேரே கம்பெனிக்குப் போனாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். இரண்டு சீட்டையும் முதலாளி முன்னால் விரித்தாள்.

"இவன் எங்க மிட்டாய் தின்னான் மொதலாளி?"

அப்படியானால் நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று அவர் முணுமுணுத்தார்.

"ஒடம்பு எங்கம்மா வழி. கொழுப்பு எங்கப்பா வழி. ஒங்க மிட்டாய் எந்த வழியிலயும் வரல."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சரி, வேலையைப் பார் என்றார் விஜயராஜ்.

"இவிய முன்னால சொன்ன பேர, இவிய முன்னாலயே எடுங்க."

அவள் திருடவில்லை என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

கடலை வறுக்கிற கொட்டகைக்குக் கேட்கவில்லை என்றாள் தங்கமாரி.

இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார்.