சத்யபிரியா போட்ட துண்டு

சத்யபிரியாவுக்கு வயிறு எரிந்தது. லேசாக அல்ல, திகுதிகுவென்று எரிந்தது. எதிரே வாசல்படியில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்த மீன்கார அங்காளம்மாவுக்கு அது தெரிய நியாயமில்லை.

"ஷர்மிளா பேரு கம்ப்யூட்டர்ல ஏறிட்ச்சாம்மா," என்றாள் அங்காளம்மா, தலையை நிமிர்த்தாமல். "நீதான் சொன்னியாமே, இன்னாவோ பஸ்ஸு மேட்டரு. மூணு நாளு குந்திகினு இருந்துச்சு. சரின்னு சேத்துகினாங்களாம்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்," என்றாள் சத்யபிரியா. முகம் ஒத்துழைக்கவில்லை. நல்லவேளை, அங்காளம்மாவின் கண் மீன்மேல் இருந்தது.

சொன்னது அவளேதான், அதுதான் கொடுமை. மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அங்காளம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் மகள் ஷர்மிளா மீன் கொண்டுவந்தாள். டிப்ளமா முடித்தவள், வேலை தேடுகிறாள் என்று தெரிந்ததும் சத்யபிரியாவுக்குக் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத் தோன்றியது. 'அடுத்த பஸ்' என்று ஒரு இலவச ஆப். தாம்பரம் பக்கத்துப் பஸ்கள் எப்போது வரும் என்று காட்டும். அதன் புரோகிராம் முழுவதும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், குறையைத் திருத்தி அனுப்பலாம். ஆரோன் என்று ஒருவர் அதைக் கவனித்துக்கொள்கிறார். அவர் சரியென்றால் திருத்தம் சேர்ந்துவிடும், திருத்தியவர் பெயர் பட்டியலில் ஏறும். "நான் அதுலதான் ஒர்க் பண்றேன்" என்று சத்யபிரியா சொன்னாள். அப்போது அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

அதே பொய்யைப் பெருங்குடியில் வேலை கேட்டிருந்த ஒரு கம்பெனிக்கும் சொல்லியிருந்தாள். பி.இ. படித்து ஆறு வருஷம் வேலை பார்த்தவள், இரண்டு பிள்ளைகளுக்காகப் பத்து வருஷம் செம்பாக்கம் ஃபிளாட்டுக்குள் இருந்துவிட்டாள். "சமீபத்தில் செய்த வேலை ஏதாவது காட்ட முடியுமா?" என்று கேட்டார்கள். முடியும் என்றாள். இருபதாம் தேதிக்குள் லிங்க் அனுப்பச் சொன்னார்கள். இருபதாம் தேதிக்குள் பட்டியலில் அவள் பெயர் ஏறியாக வேண்டும். இன்று தேதி பத்து.

முயற்சி செய்யாமல் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கென்று சின்னச் சின்ன வேலைகளைத் தனியாக எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்தாள். ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னால், பழைய ஆபீஸ் பழக்கத்தில் நாற்பது இடங்களை ஒழுங்குபடுத்தி அனுப்பினாள். "நன்றி, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் அனுப்புங்கள்" என்று ஆரோன் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மரியாதைதான் அவளுக்குக் குத்தியது. ஷர்மிளா என்ன செய்தாள்? பெரும்பாக்கம் குடியிருப்புக்குள் இருக்கும் எட்டு நிறுத்தங்கள் ஆப்பில் இல்லை, அதைச் சேர்த்தாள். அவ்வளவுதானே. அவள் அங்கேயே இருக்கிறாள், தினம் அந்த நிறுத்தத்தில்தான் நிற்கிறாள். இதற்கு ஆரோன் "அருமை" என்று எழுதி, கைதட்டுகிற படம் வேறு போட்டிருந்தார்.

மீன் வாங்கிய அன்று மத்தியானமே சத்யபிரியா லேப்டாப்பைத் திறந்தாள். புதியவர்களுக்கான வேலைகள் இன்னும் நான்கு இருந்தன. இவற்றையும் அந்தப் பெண் அள்ளிக்கொண்டு போய்விடுவாள் என்று பட்டது. நான்கின் கீழும் "இதை நான் செய்கிறேன்" என்று எழுதினாள். அங்கே அதுதான் வழக்கம். ஒருத்தர் அப்படி எழுதிவிட்டால் இன்னொருத்தர் தொடமாட்டார். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே கதைதான். ஒரு ஆளுக்கு நான்கு சீட்டு. கர்ச்சீப், பை, குடை, செருப்பு என்று எது கிடைத்ததோ அதைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஷர்மிளாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, நாலையும் எடுத்துட்டீங்களா? செம ஸ்பீடுக்கா."

நக்கலா என்று சத்யபிரியா நான்கு முறை படித்தாள். பிறகு கட்டை விரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போனை வைத்தாள்.

பிடித்த சீட்டில் உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை முழுக்கப் புரோகிராம் அவள் லேப்டாப்பில் ஓடவே மாட்டேன் என்றது. செவ்வாய் ஓடியது, ஆனால் அதைச் சரிபார்க்கும் சோதனைகள் தோற்றன. புதன் சின்னவனுக்குக் காய்ச்சல். வியாழன் ஆரோன் "ஏதாவது முன்னேற்றம் உண்டா?" என்று கேட்டார். "நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுதினாள். அதற்கு நடுவில் எத்தனை முறை பட்டியலுக்குப் போய் ஷர்மிளாவின் பெயரைப் பார்த்தாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள்.

பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கு வரவேண்டிய அங்காளம்மா பதினொன்றரைக்கு வந்தாள். அன்னக்கூடையை இறக்கியதுமே வாடை அடித்தது.

"இன்னிக்கு வாங்காதம்மா, சொல்லிட்டேன். நெத்திலி பூரா பூட்ச்சு," என்றாள். முகமெல்லாம் வேர்வை. "ஒரே பேஜாரு. போன்ல தாம்பரம்னு காட்ச்சா, ஏறி குந்திகினேன். மேடவாக்கத்துல கண்டக்டரு எறங்குன்றான். கட் சர்வீஸாம், அதுக்கு மேல போவாதாம். ஒண்ணரை மணி நேரம் வெயில்ல நின்னேன். ஐஸு கரைஞ்சி தண்ணியா பூட்ச்சு."

பாதியில் நின்றுவிடும் கட் சர்வீஸ் பஸ்ஸை ஆப் வேறு நிறத்தில் காட்ட வேண்டும். நான்கில் ஒரு வேலை அதுதான். அவள் செருப்பைப் போட்டுவைத்திருக்கிற சீட்டு.

"ஷர்மிளாகிட்ட கத்தினேன். இன்னாடி ஆப்பு இது, உன் பேரு வேற கீதுன்னு. அது ரெடியா செஞ்சி வெச்சிகீதாம்மா, ஒரு வாரமா. அனுப்ப முடியாதாம். யாரோ துண்டு போட்டுகினு கீறாங்களாம். யாருடின்னா சொல்ல மாட்டேன்னுது."

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் சத்யபிரியா.

அங்காளம்மா தெரு முனை திரும்புவதற்குள் லேப்டாப் திறந்திருந்தது. நான்கின் கீழும் எழுதினாள்: "என்னால் முடியவில்லை. விட்டுவிடுகிறேன்." ஆறு வருஷ அனுபவம், பி.இ., எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போயிற்று.

பத்தாவது நிமிஷம் ஷர்மிளாவின் திருத்தம் வந்து விழுந்தது. திங்கட்கிழமை ஆரோன் அதைச் சேர்த்துவிட்டார். சத்யபிரியா போய்ப் பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியுமா? திருத்தியவர் ஷர்மிளா. அதற்குக் கீழே, உடன் செய்தவர் சத்யபிரியா.

உடனே போன் செய்தாள். "எதுக்கும்மா என் பேரு?"

"நீங்கதானேக்கா ஃபர்ஸ்ட்டு எடுத்தீங்க. அதுல கூட செஞ்சவங்க பேரும் எழுதலாம், தப்பில்லை. ஆரோன் சாரைக் கேட்டுட்டுதான் போட்டேன்." குரலில் ஒரு குத்தலும் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இது அதைவிட மோசமாக எரிந்தது.

புதன்கிழமை, இருபதாம் தேதி. அங்காளம்மா வஞ்சிரம் வெட்டினாள். "எம் பொண்ணு பேருக்குக் கீழயே உம் பேரும் கீதாமே. நல்லா இருங்க ரெண்டு பேரும்," என்றாள். சத்யபிரியா தட்டை நீட்டினாள். கீழேயே என்ற சொல் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கூடவே வந்தது.

அன்று சாயங்காலம் அந்த லிங்க்கைக் கம்பெனிக்கு அனுப்பினாள். கூசத்தான் செய்தது. ஆனாலும் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. பேசியவள் இளம்பெண், லிங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினாள். நல்ல திருத்தம், கச்சிதமாக இருக்கிறது என்றாள். "ரெண்டு பேர் இருக்கு. இதுல உங்க பங்கு என்ன மேடம்?"

சத்யபிரியா சொல்வதற்கு நான்கைந்து பதில்கள் தயாராக வைத்திருந்தாள். திட்டமிட்டேன், வழிகாட்டினேன், சரிபார்த்தேன். ஆனால் நினைவில் வந்தது வெயிலில் கூடையோடு நின்ற அங்காளம்மாதான்.

"ஒரு வாரம் யாரும் தொட முடியாம பிடிச்சு வெச்சிருந்தேன்," என்றாள். "அப்புறம் விட்டுட்டேன்."